கோச்சிப் பாட்டும் உண்மைக் கந்தோரும்

பஸ்தியாம்பிள்ளை தன் ஆயுளில் ஒரே ஒரு பாட்டைத்தான் இசைத்தட்டில் பாடினார். அதுவும் றொக் அண்ட் றோல் பாட்டு. 1973இல் கொழும்பில், மாவு மில் ஒன்றின் மேல்மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், மில் நின்றிருந்த மத்தியான இடைவேளைக்குள் அதைப் பாடி முடித்தார்கள். தலைமன்னார்க் கோச்சி ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அதனால் ‘பிந்தி வாற கோச்சி’ என்று பாட்டுக்குப் பெயர். ரயில் ஓடுகிற தாளத்தில் கிற்றாரும் ட்ரம்ஸும், அதற்கு மேல் இவருடைய குரல். முந்நூறு தட்டு அடித்தார்கள். உறையில் தலைமயிரை எண்ணெய் வைத்து மேலே வாரிய பஸ்தியாம்பிள்ளையின் படம். தட்டின் நடுவில் ‘தனிப் பாடகர்: றொக்கிங் பஸ்தி. நேரம்: 2 நிமிடம் 20 வினாடி’ என்று இருந்தது.

பாட்டின் நடுவில், கிற்றார் தனியே வாசிக்கிற இடத்தில், ஒரு பெண் இரண்டு வினாடி சிரிப்பாள். அது அவருடைய மனைவி மேரிசெலின். கலியாணம் முடிந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. மூலையில் ஸ்டூலில் இருந்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திருப்பிப் பாடுவோம் என்று யோசிப்பதற்குள் கீழே மில் ஓடத் தொடங்கிவிட்டது. சிரிப்பு அப்படியே தட்டில் தங்கிவிட்டது.

1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவர்களுடைய கொட்டாஞ்சேனை வீடு எரிந்தது. கலியாணப் படங்களும் கிற்றாரும் மிச்சமிருந்த தட்டுகளும் அதோடு போயின. செலின் நெருப்புக்குத் தப்பினாள். அகதி முகாமாக்கிய பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்து, ஆவணி முடிவதற்குள் கண்ணை மூடினாள். பஸ்தியாம்பிள்ளை மன்னாருக்குத் திரும்பி வந்தபோது, சலூன் வைத்திருந்த பேதுரு தன்னிடம் இருந்த ஒரு தட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். செலினுடையது என்று உலகத்தில் மிஞ்சியது அந்த இரண்டு வினாடிதான்.

1985 புரட்டாதியில் பஸ்தியாம்பிள்ளை டென்மார்க்கில் வந்து இறங்கினார். கடவுச்சீட்டை ஏஜென்ற் விமானத்திலேயே திருப்பி வாங்கிக்கொண்டான். அடையாள அட்டை வீட்டோடு எரிந்திருந்தது. சேர்ட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக் கட்டியிருந்த தட்டு மட்டும் இருந்தது.

வந்தவர்கள் சொல்வது உண்மையா என்று பார்ப்பதற்கென்றே கோபன்ஹேகனில் ஓர் அலுவலகம் இருந்தது. அதன் முழுப் பெயர் வாசற்பலகையில் இரண்டு வரிக்கு ஓடியது. தமிழர்கள் அதை உண்மைக் கந்தோர் என்றார்கள். டெனிஷ்காரரும் அலுவலகத்தைக் ‘கொந்தோர்’ என்றுதான் சொல்வார்கள். அந்த நாட்டில் பஸ்தியாம்பிள்ளைக்கு உடனே விளங்கிய சொல் அது ஒன்றுதான்.

விசாரணை செய்தவள் கியர்ஸ்டன் ஹோல்ம். நல்ல மனுசி. மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்து, கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கேள்வியைத் தொடங்கினாள். மொழிபெயர்க்க குலேந்திரன் வந்திருந்தான். இரண்டு வருடம் முந்தி வந்து ஹ்விடோவ்ரேயில் இருக்கிற பொடியன்.

“நீங்கள் யார் என்று காட்ட என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று அவள் கேட்டாள்.

பஸ்தியாம்பிள்ளை தட்டை எடுத்து மேசையில் வைத்தார். உறையிலிருந்த படத்தையும் தன் முகத்தையும் மாறி மாறிக் காட்டினார்.

கியர்ஸ்டன் தட்டைக் கவனமாகப் பார்த்தாள். படிவத்தில் ஆவணத்தின் நீளம், அகலம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அவள் அடிமட்டத்தால் இரண்டு தரம் அளந்தாள். இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை எழுதினாள். பிறகு பற்றுச்சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்தாள். அதைக் குலேந்திரன் வாசித்துக் காட்டினான். “கறுப்பு வட்டம் ஒன்று, நடுவில் துளையுடன். துளை ஒப்படைக்கும்போதே இருந்தது.”

இரண்டாம் விசாரணைக்குள் பாட்டின் வரிகளைப் பஸ்தியாம்பிள்ளையிடமே எழுதி வாங்கி, மொழிபெயர்த்துக் கோப்பில் சேர்த்திருந்தார்கள். கியர்ஸ்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

“தலைமன்னார் ராசா நான், தண்டவாளம் என்ரை றோட்டு. ஏழு ஸ்டேசன், ஏழு பெட்டை, எல்லாருக்கும் ஒரே பாட்டு.” அவள் நிமிர்ந்தாள். “துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்ததாகப் போன தடவை சொன்னீர்கள். எப்போது முடி துறந்தீர்கள்?”

பஸ்தியாம்பிள்ளை குலேந்திரனைப் பார்த்தார். “தம்பி, அது பாட்டெண்டு சொல்லும்.”

“சொன்னனான் அண்ணை. பாட்டிலை பொய் சொன்னனீங்களோ எண்டு கேக்கிறா.”

“ஓம் எண்டால்?”

“பொய் சொல்லுற ஆள் எண்டு எழுதுவினம்.”

“இல்லையெண்டால்?”

“ராசா எண்டு எழுதுவினம்.”

பஸ்தியாம்பிள்ளை கோப்பியைக் குடித்தார். ராசா என்று எழுதச் சொன்னார். கியர்ஸ்டன் எழுதிவிட்டு, ஏழு பெண்களும் இப்போது எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவர்களும் வருவதாக இருந்தால் ஆளுக்கொரு படிவம் வேண்டும். தெரியாது என்றார் பஸ்தியாம்பிள்ளை. அவள் அனுதாபத்தோடு தலையை ஆட்டி, ஏழு பேரையும் ‘காணாமற்போனோர்’ என்று பதிந்துகொண்டாள்.

கோப்பு மேலதிகாரி லவ்ரிட்சனிடம் போனது. அவர் பஸ்தியாம்பிள்ளையை நேரில் கூப்பிட்டுப் பேசினார். அந்தக் கந்தோரில் யாரையும் விளக்கம் சொல்லாமல் நிராகரிப்பதில்லை.

“நானும் றொக் அண்ட் றோலுக்கு ஆடியவன்தான்” என்று அவர் தொடங்கினார். “அது மகிழ்ச்சியானவர்களின் இசை. துன்பப்படுகிற மக்களுக்கென்று வேறு இசை இருக்கிறது. தோல் மேளம், நீண்ட குழல், அப்படி ஏதாவது. அதை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். விழாவுக்கெல்லாம் அழைக்கிறோம். ஆனால் இவர் எங்கள் இசையை அல்லவா பாடியிருக்கிறார்? எங்களைப் போல மகிழ்ச்சியாக இருந்தவரை நாங்கள் எதிலிருந்து காப்பாற்றுவது?”

குலேந்திரன் தானாகவே குறுக்கிட்டான். “பாடினது எழுபத்திமூன்றில். வீடு எரிந்தது எண்பத்திமூன்றில்.”

லவ்ரிட்சன் இரண்டு வருடத்தையும் தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தார். “அப்படியானால் பத்து வருடம் அவர் முன்கூட்டியே மகிழ்ச்சியாக இருந்துவிட்டார்” என்றார். “ஆனாலும் நாங்கள் நியாயமான நாடு. கேட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டோம். தட்டை விசாரணைக்கு எடுப்போம்.”

கேட்டுப் பார்க்கக் கந்தோரில் றெக்கோட் பிளேயர் இல்லை. ஒன்று வேண்டும் என்று விண்ணப்பித்தார்கள். அது வரும்வரை பஸ்தியாம்பிள்ளையைப் பிரெடெரிசியாவுக்குப் பக்கத்தில், கடற்கரையில் இருந்த கோடை விடுதி ஒன்றில் தங்க வைத்தார்கள். அங்கே இன்னும் பதினேழு தமிழர் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். நடைவழி முழுவதும் கோடைக்கான மடக்குக் கதிரைகளும் வண்ணக் குடைகளும் அடுக்கியிருந்தன. யன்னலுக்கு வெளியே கடல் கரையோரம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆனந்தராஜா என்பவன் கேட்டான்.

“அண்ணை பாட்டுக்காரனாமே. ஒண்டு பாடுங்கோவன்.”

பஸ்தியாம்பிள்ளை தொடங்கினார். கிற்றார் வருகிற இடத்தில் நிறுத்தினார். அந்த இடத்தைத் தன்னால் பாட முடியாது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

ஏழு கிழமை கழித்து பிளேயர் வந்தது. மூடிவிட்ட மொழிப் பள்ளிக்கூடம் ஒன்றின் சாமான். பாடம் கேட்பதற்காக நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் வைத்திருந்த பிளேயர் அது. வந்த நிலையிலேயே ஆவணப்படுத்த வேண்டும் என்பது விதி. ஆகவே வேகம் மாற்றுகிற குமிழுக்கு மேல் ஒட்டுநாடா ஒட்டி, அதன் மேல் கந்தோர் முத்திரையைக் குத்தினார்கள். பஸ்தியாம்பிள்ளையின் தட்டு நாற்பத்தைந்து சுற்றுத் தட்டு.

தை மாதத்தில் ஒரு காலை பத்து மணிக்கு விசாரணை. லவ்ரிட்சன், கியர்ஸ்டன், இவர்களோடு ஓகூஸ் நகரத்திலிருந்து வந்த இசை நிபுணர் வெஸ்டர்கோ. உலகத்து மரணப் பாடல்களை முப்பது வருடம் ஆராய்ந்தவர். மெழுகுதிரி எரிந்தது. கியர்ஸ்டன் ஊசியை வைத்தாள்.

கோச்சி ஓடவில்லை. பாரமான பெட்டி ஒன்றை நாலு பேர் தோளில் வைத்து நடக்கிற மாதிரி ட்ரம்ஸ் விழுந்தது. அதற்கு மேல், கிணற்றுக்குள் இருந்து ஒரு கிழவர் இழுத்து இழுத்து ‘தலைமன்னார் ராசா நான்’ என்றார். பஸ்தியாம்பிள்ளைக்குத் தன் குரல் என்று பிடிபட ஒரு வரி போனது. பிறகு கிற்றார் முனகியது. அந்த இடம் வந்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரு பெண் விம்மினாள். மூச்சு வாங்கி இன்னொரு தரம் விம்மினாள்.

கியர்ஸ்டன் கைக்குட்டையை எடுத்தாள்.

பஸ்தியாம்பிள்ளை எழும்பிவிட்டார். “தம்பி, வேகம் பிழை எண்டு சொல்லும்! நாப்பத்தஞ்சிலை விட வேணும். அவ அழேல்லை. சிரிக்கிறா!”

குலேந்திரன் சொன்னான். லவ்ரிட்சன் பொறுமையாகக் கேட்டார்.

“சாட்சியத்தின் வேகத்தைக் கூட்டுவது சாட்சியத்தில் கைவைப்பதாகும்” என்றார். “அமைச்சர் வந்து கேட்டாலும் இந்தக் கந்தோர் யாருக்காகவும் வேகத்தைக் கூட்டாது. மேலும் ஒரு விடயம். தட்டில் இரண்டு நிமிடம் இருபது வினாடி என்று போட்டிருக்கிறது. நாங்கள் மூன்று நிமிடம் ஒன்பது வினாடி கேட்டோம். மிச்ச நாற்பத்தொன்பது வினாடியை ஏன் மறைத்தீர்கள்?”

லவ்ரிட்சன் தட்டின் நடுவில் இருந்த எழுத்தில் விரலை வைத்தார்.

“தனிப் பாடகர் என்றும் இருக்கிறது. அப்படியானால் இந்தப் பெண் யார்?”

“என்ரை மனுசி.”

“இப்போது எங்கே?”

“செத்துப்போனா. எண்பத்திமூண்டிலை.”

“அதுதான் அழுகிறார்” என்றார் லவ்ரிட்சன் தாழ்ந்த குரலில்.

நிபுணர் வெஸ்டர்கோ இருமிக்கொண்டு பேசினார். “இது றொக் அண்ட் றோல் அல்ல. தட்டில் பிழையாக அச்சிட்டிருக்கிறார்கள். இது கலப்பில்லாத ஒப்பாரி. சவ ஊர்வலத்தின் நடை, பெண்ணின் விம்மல், எல்லாம் இருக்கிறது. பாடியவருக்கே தான் பாடுவது ஒப்பாரி என்று தெரியவில்லை பாருங்கள். உண்மையான மரபுக்கு அதுதான் அடையாளம்.”

அவர் எழுதிக்கொண்டார். கியர்ஸ்டன் எழுதிக்கொண்டாள். அந்தப் பெண் சிரித்தாள் என்று இவர் சொல்கிறாரே, ஏன் சிரித்தாள் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

மாசி நடுவில் பஸ்தியாம்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கியர்ஸ்டன் சிரித்த முகத்தோடு ஒரு தாளை நீட்டினாள். குலேந்திரன் வாசித்தான். “இசைத்தட்டில் கேட்கும் பெண் என் மனைவி என்றும், அவர் அழுகிறார் என்றும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.”

“இதிலை கையெழுத்து வைச்சால் விசா, அண்ணை. இண்டைக்கே.”

“வைக்காட்டி?”

“திருப்பியும் றொக் அண்ட் றோல் எண்டு ஆயிடும். றொக் அண்ட் றோலுக்கு லவ்ரிட்சன் முந்தியே ஆள் சந்தோசமா இருந்தவர் எண்டு எழுதிப்போட்டார். பிளேன் ஏத்திவிடுவினம். அங்கை இறங்கினால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

பஸ்தியாம்பிள்ளை பேனையை எடுத்தார். திரும்ப மேசையில் வைத்தார்.

“ஒரு சொல்லுத்தானே அண்ணை.”

“தம்பி, அவளின்ரை படம் ஒண்டும் என்னட்டை இல்லை. முகம் கூட வரவர மங்கிக்கொண்டு போகுது. கண்ணை மூடினால் மூக்குத்தி தெரியுது, மூக்குத் தெரியுதில்லை. இருக்கிறது உந்தச் சிரிப்பு மட்டும்தான். அதையும் அழுகையெண்டு என்ரை கையாலை எழுதிக் குடுக்கச் சொல்லுறீர்.”

குலேந்திரன் யன்னலைப் பார்த்தான். கியர்ஸ்டனுக்கு அவர்கள் கதைத்தது விளங்கவில்லை. ஆனால் ஏதோ கஷ்டம் என்று தெரிந்தது. கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினாள்.

“அவசரமில்லை” என்றாள். “நன்றாக யோசிக்கலாம். அடுத்தவர் வர இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது.”

பஸ்தியாம்பிள்ளை அந்தப் பதினைந்து நிமிடமும் இருந்தார். வெளியே அடுத்தவர் வந்து கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டபோது கையெழுத்து வைத்தார். பிறகு தட்டைத் தரச் சொன்னார்.

அது கோப்பின் பகுதியாகிவிட்டது, தர முடியாது என்று கியர்ஸ்டன் விளக்கினாள். ஆனால் விண்ணப்பதாரருக்குப் பிரதி பெற உரிமை உண்டு. அவள் எழும்பி அடுத்த அறைக்குப் போய், போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். கீழே ‘மூலத்துக்குச் சரியான பிரதி’ என்று முத்திரை.

“இதிலை எப்பிடிக் கேக்கிறது?” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

குலேந்திரன் கேட்டுச் சொன்னான். “கேக்கிறதுக்கு இல்லையாம் அண்ணை. கேட்ட இடத்திலை குடுக்கிறதுக்காம்.”

பிரெடெரிசியாவில் ஒரு சொசேஜ் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினார். தட்டைத் தரும்படி இரண்டு கடிதம் எழுதினார். பத்து வருடத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இரண்டுக்கும் மரியாதையாகப் பதில் வந்தது.

ஆனியில் வந்த கடிதம் வேறு. உண்மைக் கந்தோருக்குப் புதிதாக முப்பது பேரைச் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்கான பயிற்சியின் முதல் நாளில் இவர் சிறப்பு விருந்தினராக வர வேண்டும். ரயில் ரிக்கற்றும் கூடவே இருந்தது. தட்டைக் கண்ணால் பார்க்கலாம் என்ற ஆசையில் பஸ்தியாம்பிள்ளை போனார்.

மண்டபத்தில் மேசைக்கு மேசை சின்னக் கொடி வைத்திருந்தார்கள். முன்வரிசையில் குலேந்திரனுக்குப் பக்கத்தில் அவரை இருத்தினார்கள். மேடையில் அதே பிளேயர், அதே ஒட்டுநாடா. லவ்ரிட்சன் பேசினார்.

“இந்தத் தட்டு வருவதற்கு முன் எங்களிடம் வந்தவை வெறும் சொற்கள். சொற்களை யாரும் சொல்லலாம். இப்போது எங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. உண்மையான துயரம் எப்படி ஒலிக்கும் என்று இனி நீங்கள் படிப்பீர்கள். மற்ற அலுவலகங்கள் மனிதர்களைப் பார்க்கின்றன. நாங்கள் மனிதர்களைக் கேட்கிறோம்.”

ஊசி விழுந்தது. பெட்டி தூக்குகிற நடையில் ட்ரம்ஸ் தொடங்கியது. பஸ்தியாம்பிள்ளை எழும்பினார். மேடைக்கு ஐந்து அடி. குமிழைப் பிடித்துத் திருப்பினால் ஒட்டுநாடா கிழிந்துவிடும். இரண்டு வினாடிக்கு அந்த மண்டபம் முழுக்கச் செலின் சிரிப்பாள்.

குலேந்திரன் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணை, இருங்கோ.”

“விடும் தம்பி.”

“உங்கடை கேசை வைச்சுத்தான் விடுதியிலை இருக்கிற பதினேழு பேரையும் பாக்கினம். அடுத்த கிழமை முடிவு. ஆனந்தராஜாவும் அதுக்கை. இது சிரிப்பெண்டு தெரிஞ்சால் பதினேழு பேருக்கும் பிளேன்தான்.”

பஸ்தியாம்பிள்ளை நின்றார். பின்னால் இருந்தவர்கள் அவர் துக்கம் தாங்காமல் எழும்பினார் என்று நினைத்து, அவருக்காகத் தாங்களும் எழும்பி நின்றார்கள். முப்பது பேரும் நின்றபடி தலையைக் குனிந்துகொண்டார்கள். பிளேயரில் செலின் விம்மினாள். அவர் இருந்துவிட்டார்.

முடிந்தபிறகு கோப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். தட்டை உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு போனார்கள். பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கண் சிவந்திருந்தது.

“ஒன்று கேட்கலாமா?” என்று குலேந்திரனிடம் சொன்னாள். “இவருடைய மனைவி ஏன் அப்படி அழுதார்?”

குலேந்திரன் அதைத் தமிழில் சொன்னான். பஸ்தியாம்பிள்ளை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இந்த ஒன்பது மாதத்தில் செலினைப் பற்றி ஏன் என்று கேட்ட முதல் ஆள் அவள்தான்.

“அண்டைக்குப் போட்ட காற்சட்டை என்ரை இல்லை, தம்பி” என்று தொடங்கினார். “கிற்றார் அடிக்கிற செல்வரட்ணத்திட்டை இரவல் வாங்கினது. இறுக்கம். பாட்டுக்காரர் எல்லாம் துள்ளிறவை எண்டு நானும் அந்த இடத்திலை ஒரு துள்ளுத் துள்ளினன். பின்னாலை டர்ரெண்டு கிழிஞ்சுபோச்சு. முன்னாலை நிண்டவைக்குத் தெரியேல்லை. எனக்குப் பின்னாலை ஸ்டூலிலை இருந்தது செலின் மட்டும்தான். புதுப் பொம்பிளை, வாயைப் பொத்திப் பொத்திப் பாத்தவள், ஏலாமல் போச்சு. பிறகு சீலைத் தலைப்பாலை என்னை மறைச்சு மறைச்சு பஸ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனவள். பஸ்சிலையும் சிரிப்பு. வீட்டை வந்து சோறு போடேக்கையும் சிரிப்பு. பத்து வருசம், நான் கொஞ்சம் கோவிச்சால் போதும், ‘துள்ளாதையுங்கோ, கிழிஞ்சிடும்’ எண்டு சொல்லிப்போட்டுச் சிரிப்பாள். உதை இந்தப் பிள்ளைக்குச் சொல்லும். வடிவாச் சொல்லும்.”

பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு லவ்ரிட்சன் நின்றார்.

குலேந்திரன் லவ்ரிட்சனை ஒருதரம் பார்த்துவிட்டு டெனிஷ் மொழியில் சொன்னான். “அதைப் பற்றிப் பேச அவரால் முடியவில்லையாம்.”

பெண் மெல்லத் தலையசைத்து, பஸ்தியாம்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வடிவாச் சொன்னீரோ தம்பி?” என்று அவர் கேட்டார்.

“ஓம் அண்ணை” என்றான் குலேந்திரன்.